2017ஆம் ஆண்டின் அட்லாண்டிக் புயல் பருவத்தை நோட்டுப் புத்தகத்தில் பதிந்து படிக்கும் முறை

2017 என்று சொன்னால் கன்னியாகுமரி மாவட்டத்தில் எவருக்கும் ஒக்கி புயல்தான் நினைவுக்கு வரும். அந்த ஆண்டு நவம்பர் 30 முற்பகலில் குமரிக்கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெற்றது. அட்லாண்டிக் பெருங்கடலின் புயல் பருவம் அதிகாரபூர்வமாக முடிவதும் ஆண்டுதோறும் அதே நவம்பர் 30 அன்றுதான்; ஜூன் 1 அன்று தொடங்கும் கணக்கை அன்றோடு முடித்துக்கொள்வார்கள். ஹார்வி, இர்மா, மரியா ஆகிய மூன்று பெரும்புயல்களையும் ஒரே பருவத்தில் கண்ட ஏட்டை அவர்கள் மூடிய நாளில் நம்முடைய ஏடு திறந்தது.

எங்கள் ஊர் வாசகசாலையில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுடன் இந்த அட்லாண்டிக் பருவத்தை இருமுறை பதிந்து பார்த்திருக்கிறேன். ஒக்கியிலேயே தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தொடங்கினால் கணக்கு ஓடாது. ஒவ்வொரு வரியிலும் யாராவது ஒருவருடைய வீடு வந்துவிடும். தொலைவில் நடந்த ஒன்றில் கையைப் பழக்கிக்கொண்டு, அதே கட்டங்களைக் கொண்டு கடைசியில் நம் பக்கத்தை எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. ஒரு புயலுக்குச் செய்தித்தாள் தரும் உச்ச எண்ணும், அந்தப் புயல் ஒரு கரையில் மனிதரைச் சந்தித்தபோது இருந்த நிலையும் வேறு வேறு. அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க வைப்பதே இந்தப் பயிற்சியின் நோக்கம்.

வேண்டியவை

நீளவாக்கில் ஒரு பெரிய நோட்டு, சில வரைபடத் தாள்கள், பென்சில், கைபேசியில் உள்ள கணிப்பான் ஆகியவை போதும். தகவலுக்கு மயாமியில் இயங்கும் அமெரிக்க தேசிய ஹரிக்கேன் மையத்தின் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள், கட்டணம் இல்லை. அங்கே இரண்டு வகைப் பதிவு கிடைக்கும். ஒவ்வொரு புயலுக்கும் பின்னர் நிதானமாக எழுதப்பட்ட தனி அறிக்கை ஒன்று. 1851 முதல் எல்லாப் புயல்களின் பாதையும் அடங்கிய ஒரே நீண்ட எழுத்துக் கோப்பு மற்றொன்று. புயல் வீசிக்கொண்டிருந்த நாட்களில் வெளியான அறிவிப்புகளிலிருந்து எண்களை எடுக்க வேண்டாம். அவை அவசரத்தில் மதிப்பிடப்பட்டவை. விமானம், செயற்கைக்கோள், தரைநிலையம் ஆகியவற்றின் அளவீடுகளை ஒப்பிட்ட பிறகு பல எண்கள் திருத்தப்பட்டிருக்கும்.

பாதைக் கோப்பின் ஒரு வரியைப் படிப்பது

பாதைக் கோப்பில் ஒவ்வொரு புயலும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு வரி என்ற கணக்கில் இருக்கும். முதலில் தேதி, பிறகு நேரம், பிறகு நிலைக்குறி, அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றின் வேகம், மையத்தின் காற்றழுத்தம் என்ற வரிசையில் காற்புள்ளியிட்டு எழுதியிருப்பார்கள். நிலைக்குறியில் டி.டி. என்றால் தாழ்வு மண்டலம், டி.எஸ். என்றால் புயல், எச்.யு. என்றால் ஹரிக்கேன் எனப்படும் கடும்புயல், இ.எக்ஸ். என்றால் வெப்பமண்டலத் தன்மையை இழந்த புயல். நடுவில் எல் என்ற எழுத்து வந்தால் அந்த வரி கரையைக் கடந்த கணத்துக்காகத் தனியாகச் சேர்க்கப்பட்டது என்று பொருள். என் அனுபவத்தில் ஒரு புயலின் நாற்பது, ஐம்பது வரிகளில் மிகவும் பயன்படுவது இந்த எல் வரிதான். அதை முதலிலேயே வட்டமிட்டு வையுங்கள்.

ஒவ்வொரு புயலுக்கும் ஒரு வரிசை எண் இருக்கும். அதையும் பெயர் வரிசையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இர்மா அந்தப் பருவத்தில் பெயர் பெற்ற ஒன்பதாவது புயல். ஆனால் அதன் எண் 11. நான்காம் எண் பெற்ற தாழ்வு மண்டலம் பெயர் பெறாமலே கலைந்தது. பத்தாம் எண், புயலாகக்கூடும் என்று எண்ணி முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கப்பட்டு, புயலாகாமலே போன ஒன்றுக்குச் சென்றது. உருவாகும் முன்பே கரைக்கு எச்சரிக்கை விடும் அந்த ஏற்பாட்டை மயாமி மையம் நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் அதே 2017இல்தான்.

நேரம் முழுவதும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். அந்த இடத்தின் நேரத்துக்குக் கழிக்க வேண்டும். மூன்று நேரங்களையும் அடுத்தடுத்து எழுதுங்கள். மரியா டொமினிக்கா தீவைத் தாக்கிய எல் வரி செப்டம்பர் 19, 01.15 என்று இருக்கும். நமக்கு அது காலை 6.45, அந்தத் தீவு மக்களுக்கோ முந்தைய நாள் இரவு 9.15. இருட்டில் வந்தது என்ற செய்தி கோப்பின் எண்ணில் தெரியாது, கழித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வேகம் நாட் (மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்) என்ற அலகில் இருக்கும். 1.852ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாட்டிக்கல் மைலும் ஜி.பி.எஸ். கருவியின் பாகைகளும் அவர்கள் வீட்டில் புழங்கும் சொற்கள். அங்கே அவர்களே ஆசிரியர்கள்.

காற்று எண்ணில் உள்ள ஒரு பொறி

அட்லாண்டிக்கில் ஹரிக்கேன்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். மணிக்கு 119 கி.மீ. தொட்டால் முதல் வகை, 154இல் இரண்டாவது, 178இல் மூன்றாவது, 209இல் நான்காவது, 252இல் ஐந்தாவது. மூன்றும் அதற்கு மேலும் பெரும் ஹரிக்கேன்கள். நம் வானிலைத் துறையின் வரிசை வேறு: 63 கி.மீ.யில் புயல், 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல், 166இல் அதிதீவிரப் புயல், 221இல் சூப்பர் புயல். அமெரிக்கர்கள் ஒரு நிமிடக் காற்றின் சராசரியை எடுக்கிறார்கள், இந்தியாவில் மூன்று நிமிடச் சராசரி. ஒரே புயலை இரு முறையிலும் அளந்தால் அவர்களுடைய எண் சற்றுக் கூடுதலாக வரும். ஆகவே இரு கடல்களின் புயல்களை நேருக்கு நேர் நிறுத்தி எது பெரியது என்று கேட்க வேண்டாம்; மாணவர்கள் கேட்பார்கள், விடை சொல்ல அவசரப்பட வேண்டாம்.

வகை எண் காற்றை மட்டுமே சொல்லும் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிடச் சொல்வேன். மழை, கடல்மட்ட உயர்வு, புயல் நகர்ந்த வேகம் ஆகிய மூன்றுக்கும் அதில் இடமில்லை. எனவே ஒவ்வொரு புயலின் பக்கத்திலும் உச்சக் காற்று, எல் வரியின் காற்று, நகர்ந்த வேகம், மழை, கடல் ஏறிய அளவு, இறப்பு, இழப்பு என்று தனித்தனிக் கட்டங்கள் போடுங்கள். கடல் ஏறிய கட்டத்தில் நம் கரையில் சொல்லும் கள்ளக்கடலைச் சேர்த்துவிடக் கூடாது. அது எங்கோ தென்கடலில் எழுந்த அலை காற்றே இல்லாத நாளில் நம் கரைக்கு வந்து சேர்வது. புயல் தள்ளிக் கொண்டுவரும் நீர் வேறு.

பாதையை வரைவது

ஒரு பாகைக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை முதல் மெக்சிகோ வளைகுடா வரை வரைய இரண்டு, மூன்று தாள்களை ஒட்ட வேண்டியிருக்கும். தீர்க்கரேகை அங்கே மேற்கில் எண்ணப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. முதல் முறை நானே மறந்தேன். பார்புடா தீவின் 61.8 மேற்கைக் கிழக்காக எண்ணிப் புள்ளி வைத்ததில், இர்மா ஓமன் கரைக்கு அப்பால் அரபிக் கடலில் நின்றது. எதிரே இருந்த பையன் சிரித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

வரைபடத்தில் குமரிமுனையின் அட்சரேகையான 8 பாகையிலும் ஒரு கோடு இழுங்கள். அட்லாண்டிக் பக்கம் அந்தக் கோடு பனாமாவின் அருகே போகும். பருவத்தின் புயல் பாதைகள் ஏறத்தாழ அனைத்தும் அந்தக் கோட்டுக்கு வடக்கே இருப்பதைக் காண்பீர்கள். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை குறைகிறது; அதனால் அவ்வளவு தெற்கே புயல் உருண்டு திரள்வது அரிது. பனாமாவுக்கும் நமக்கும் உள்ள இந்த ஒற்றுமை பலரை அயரவைத்த ஒற்றுமையும்கூட. அரிது என்பதை வராது என்று படித்தவர்களில் நானும் ஒருவன்.

பாதையை வரைந்த பிறகு மையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அம்புக்குறி இடுங்கள். வட அரைக்கோளத்தில் புயல்காற்று அப்படித்தான் சுழலும். இதை வைத்தே ஓர் ஊருக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். செப்டம்பர் 10 அன்று இர்மா புளோரிடாவின் தெற்கிலிருந்து ஏறி வந்தபோது, மேற்குக் கரையில் உள்ள டாம்பா விரிகுடாவில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடித்தது. நீர் உள்வாங்கி, மக்கள் விரிகுடாவின் தரையில் நடந்தார்கள். கடல் உள்வாங்கியது என்ற சொல் 2004க்குப் பிறகு நம் கரையில் வேறு அச்சத்தை எழுப்பும். டாம்பாவில் நடந்தது அதுவல்ல, வெறும் காற்றின் திசை. ஆனால் காற்று திரும்பினால் அந்த நீரும் திரும்பும் என்பதால் அங்கே இறங்கி நடந்தது அறிவுடைமை ஆகாது.

புயல்களின் பக்கங்கள்

ஹார்வியில் தொடங்குங்கள். ஆகஸ்ட் 17 அன்று பெயர் பெற்று, கரீபியன் கடலில் கலைந்து, மெக்சிகோ வளைகுடாவின் தெற்கு மூலையில் மறுபடி உயிர்பெற்ற புயல் இது. எல் வரி ஆகஸ்ட் 26, 03.00, டெக்சாஸ் மக்களுக்கு 25ஆம் தேதி இரவு 10 மணி. காற்று 115 நாட், அதாவது 213 கி.மீ., நான்காம் வகை. 2005இல் வந்த வில்மாவுக்குப் பிறகு அமெரிக்க நிலப்பகுதியில் பெரும் ஹரிக்கேனாகக் கரை கடந்த முதல் புயல் என்பதால் செய்திகள் எல்லாம் காற்றைப் பற்றியே பேசின. ஆனால் அடுத்தடுத்த புள்ளிகளை வரைந்து பாருங்கள்: ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும். தள்ளிச் செல்லும் மேல்காற்று இல்லாமல் அது நின்றுவிட்டது. காற்றுக் கட்டத்தில் எண் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில் ஹூஸ்டன் நகரம் மூழ்கியது. டெக்சாஸில் உள்ள நெடர்லாந்து என்ற சிற்றூரின் அருகே மொத்தம் 1,539 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஓடாமல் நின்றிருந்தால் ஓர் ஆளின் கழுத்தளவு நீர். புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை ஆறால் வகுத்து நகர்வு வேகத்தைக் கணக்கிடும் பழக்கம் இந்தப் பக்கத்தில்தான் வர வேண்டும்.

இர்மாவுக்கு நேர்மாறான பக்கம். காபோ வெர்டே தீவுகளின் அருகே ஆகஸ்ட் 30 அன்று பிறந்து, பெருங்கடலைக் குறுக்காகக் கடந்து, செப்டம்பர் 6 அன்று ஏறத்தாழ 285 கி.மீ. காற்றுடன் பார்புடாமேல் ஏறியது. உச்ச எண்ணும் எல் வரியின் எண்ணும் ஒன்றாகவே இருந்த அரிய நிகழ்வு இது. அடுத்து ஹோசே (நம் ஊரில் ஜோஸ்) என்ற புயல் வருகிறது என்பதால் பார்புடாவின் மக்கள் அனைவரையும் அண்டைத் தீவான ஆன்டிகுவாவுக்குக் கொண்டுசென்றார்கள். ஹோசே வரவில்லை, விலகிப் போனது. தீவு ஆளின்றிக் கிடந்தது.

மரியாவுக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்குங்கள். (தூத்தூர் வட்டாரத்தில் மரியாவும் ஜோஸும் இல்லாத தெருவே கிடையாது என்பதால் இந்தப் பருவத்தின் பெயர்களைப் படிக்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும்; எழட்டும்.) செப்டம்பர் 16 அன்று தாழ்வு மண்டலம், 17இல் ஹரிக்கேன், டொமினிக்காவின் 18ஆம் தேதி இரவில் ஐந்தாம் வகை. பிறகு 20ஆம் தேதி புவேர்ட்டோ ரிக்கோவில் ஏறும்போது 135 நாட், அதாவது 250 கி.மீ. இரண்டு கிலோமீட்டர் குறைந்ததால் அது நான்காம் வகை. அந்த இரண்டு கிலோமீட்டரால் புவேர்ட்டோ ரிக்கோவில் எந்தக் கூரையும் தப்பவில்லை. தீவு முழுவதும் மின்சாரம் போனது. கடைசி வீடுகளுக்குத் திரும்பி வர ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின.

இறப்புக் கட்டத்தைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் அந்த எண் வெளியான தேதியையும் குறிக்க வேண்டும் என்பது ஏன் என்று மரியாவில் தெரியும். புவேர்ட்டோ ரிக்கோ அரசு நெடுநாள் சொன்ன எண் 64. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, புயலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த மரணங்களைக் கணக்கிட்டு 2,975 என்று மதிப்பிட்டது. 2018 ஆகஸ்டில் தீவின் அரசு அதை ஏற்றது. முதல் எண் காற்றும் நீரும் நேரடியாகக் கொன்றவர்களை ஒட்டியது. இரண்டாவது, மின்சாரமும் மருந்தும் சாலையும் இல்லாமல் இறந்தவர்களையும் உட்கொண்டது. எந்த வரையறைக்கு எந்த எண் என்று எழுதாவிட்டால் இரண்டும் பயனற்றவை.

இழப்புக் கட்டத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஹார்வியின் இழப்பு 12,500 கோடி டாலர் என்று அமெரிக்க அரசு மதிப்பிட்டது. டொமினிக்காவில் மரியா ஏற்படுத்திய இழப்பு சுமார் 130 கோடி டாலர்தான். ஆனால் அந்த 130 கோடி, அச்சிறு நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டாலர் வரிசையில் மட்டும் அடுக்கினால் டொமினிக்கா அடியில் போய் மறைந்துவிடும்.

ஒஃபிலியாவுக்கும் நேட்டுக்கும் அரைப் பக்கம் போதும். அட்லாண்டிக்கின் பதிவில் அவ்வளவு கிழக்கே பெரும் ஹரிக்கேன் ஆனது ஒஃபிலியாவுக்கு முன் எதுவும் இல்லை. அயர்லாந்தை அடைந்த அக்டோபர் 16 அன்று அதன் நிலைக்குறி இ.எக்ஸ். என்று மாறியிருந்தது, ஆயினும் அங்கே மூவர் இறந்தனர். நேட் முதல் வகையைத் தாண்டவில்லை. அதன் உயிரிழப்பு பெரும்பாலும் அது ஹரிக்கேனாகும் முன்பே நடு அமெரிக்காவில் பெய்த மழையால் நேர்ந்தது. ஹார்வி, இர்மா, மரியாவுடன் நேட்டின் பெயரும் இனிப் பயன்படாதபடி விலக்கப்பட்டது. ஆறு பெயர்ப்பட்டியல்கள் சுழற்சியில் இருப்பதால் 2017இன் பட்டியல் 2023இல் திரும்பியது. இந்த நான்கின் இடத்தில் ஹெரால்ட், இடாலியா, மார்கோ, நைஜல் வந்தன.

பருவத்தைக் கூட்டிப் பார்ப்பது

மொத்தம் 17 பெயர்கள், 10 ஹரிக்கேன்கள், அவற்றில் 6 பெரியவை. 1991 முதல் 2020 வரையிலான சராசரி 14, 7, 3. ஃபிராங்க்ளின் முதல் ஒஃபிலியா வரை அடுத்தடுத்துப் பெயர் பெற்ற பத்தும் ஹரிக்கேன்களாயின. எண்ணிக்கையோடு நிற்காமல் ஆற்றலையும் கூட்டலாம்: ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பதிவான காற்றின் நாட் எண்ணை, 35உம் அதற்கு மேலும் இருக்கும் வரிகளுக்கு மட்டும், அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பத்தாயிரத்தால் வகுக்க வேண்டும். இடையில் சேர்த்த எல் வரிகளைக் கூட்டலில் விட்டுவிடுங்கள். இது அடிக்கடி நேரும் பிழை. 150 நாட் என்று இருக்கும் ஒரு வரி 2.25 தரும், 35 நாட் என்று இருக்கும் ஒரு வரி 0.1225தான் தரும். பதினெட்டு மெலிந்த வரிகள் சேர்ந்து ஒரு மரியா வரிக்கு ஈடு. 2017இன் மொத்தம் ஏறத்தாழ 225 வர வேண்டும். அதில் பெரும்பங்கு செப்டம்பர் மாதத்துக்கு உரியது. உங்கள் கூட்டல் வெகுதூரம் விலகினால் வரி விட்டுப்போயிருக்கிறது.

நம் பக்கம்

இப்போது அதே கட்டங்களை ஒக்கிக்குப் போடுங்கள். தகவலுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைத் தந்தது வங்கதேசம், பொருள் கண். நவம்பர் 29 முற்பகலில் இலங்கையின் தென்கிழக்கே தாழ்வு மண்டலம். 30 அதிகாலையில் குமரிக்கடலில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், முற்பகலில் புயல். முதல் வரிக்கும் புயல் என்ற வரிக்கும் இடையே ஒரு நாள்தான். உச்சக் காற்றான 150 முதல் 160 கி.மீ. பின்னர் லட்சத்தீவுப் பக்கம் அரபிக் கடலில் வந்தது. டிசம்பர் 5 இரவு தெற்கு குஜராத்தை அடைந்தபோது அது புயலே அல்ல.

நமக்கு மிக அருகில் இருந்தபோது அதன் தரம் வரிசையின் முதற்படியான வெறும் புயல். எல் வரி நமக்குக் கிடையாது. மையம் நம் கரையைக் கடக்கவே இல்லை. அந்தத் தரத்தில்தான் குலசேகரம் முதல் தக்கலை வரை ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. வட்டமும் அம்புக்குறியும் போட்டுப் பாருங்கள்: மையம் தெற்கே இருக்கையில் நமக்குக் காற்று கிழக்கிலிருந்து வரும். குளச்சலுக்கு மேற்கே உள்ள கரைக்கு அது நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. வள்ளத்தைக் கரையிலிருந்து அகற்றும் காற்று. இறப்புக் கட்டத்தில் இறந்தோர், காணாமற்போனோர் என்று இரண்டு பிரிவுகள் வேண்டும். காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழாண்டு ஆக வேண்டும் என்பது பொதுச்சட்டம். ஒக்கியில் அந்தக் காத்திருப்பு தளர்த்தப்பட்டதால் எண்கள் ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தன.

அட்லாண்டிக் பக்கங்களில் இல்லாத ஒரு கட்டத்தை இங்கே கூடுதலாகச் சேர்க்கிறோம்: செய்தி எட்டிய நேரம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவை. 29ஆம் தேதிக்கு முன்பே கரையை விட்டவை பல. கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தவருக்கு அறிவிப்பு வெளியான நேரம் ஒரு பொருட்டே அல்ல. இந்தக் கட்டத்தை நிரப்ப அறிக்கை உதவாது. திரும்பி வந்தவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். அவர் சம்மதித்தால் மட்டும் கேளுங்கள், பெயரை எழுதாதீர்கள், படகு எத்தனை பாகையில் நின்றது என்பதையும் காற்று மாறியதை அவர் முதலில் எதைக் கொண்டு அறிந்தார் என்பதையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் நினைவிலிருந்து சொன்னது என்பதற்கு நி என்று ஒரு குறி இடுங்கள். கருவியில் பதிந்த நேரத்தை யாராவது காட்டினால் அந்தக் குறி வேண்டாம்.